வெனிலா பூத்த காலை

பால் வாங்கக் கிளம்பிய கனகமணியின் செருப்புச் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்து, கீழ்வீட்டு நாய் ஒரு தரம் குரைத்து அடங்கிய பிறகுதான் குழந்தைவேலு நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தார் என்று சொல்லிவிடுவது சுலபம். இடது கையால் கம்பை ஊன்றி, இடது காலில் உடம்பை ஏற்றி, அப்புறம் யாரோ இறக்கிவைத்துவிட்டு மறந்துபோன மூட்டையை நகர்த்துகிற மாதிரி வலது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்து, வலது கையைத் தூக்கிச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது முற்றம் லேசாக ஆடி நின்றது. ஆடட்டும். மலையேறுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தே காலத்தை ஓட்டினவருக்கு ஆட்டம் என்ன புதுசா. சுவரில் சாத்தியிருந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அங்கே, காப்பிச் செடிகளின் கடைசி வரிசைக்கு அப்பால், முள்முருங்கையின் கவட்டையில், விடியும்போது தெரிந்த அந்த மஞ்சள் இப்போதும் இருந்தது. பழுத்த இலையாக இருக்கலாம். கொடியில் காயப்போட்டுக் காற்றில் போன துணியின் கிழிசலாக இருக்கலாம். கண்ணை நம்ப முடியாது, உடம்பில் எதையுமே இப்போது நம்ப முடியாது. ஆனால் கொஞ்ச நாளாக அதே இடத்தில் இலைக்கும் தண்டுக்கும் இடையில் பொம்மை வாழைச்சீப்பு மாதிரி பச்சையாக ஏதோ தெரிந்துகொண்டிருந்தது. மொட்டு என்றுதான் மனசு சொன்னது. மொட்டு என்றால் இன்று பூ. பூ என்றால் உச்சிப்பொழுது வரைக்கும்தான். அதற்கப்புறம் யாருக்காகவும் நிற்காது, வாடிவிடும், மறுநாள் இன்னொரு மொட்டு விரியலாம், விரியாமலும் போகலாம்.

கம்பு, இடது கால், மூட்டை. கம்பு, இடது கால், மூட்டை. ஐப்பசியில் விழுந்ததற்கு அப்புறம் அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. கனகமணியும் வந்து அவர் பார்த்ததில்லை. நாற்காலியைக்கூட அவள் ரோட்டைப் பார்க்கத்தான் போடுவாள், "போற வர்ற பஸ்ஸைப் பாருங்க, பொழுது போகும்" என்று. அவள் உள்ளே போனதும் இவர் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைத் திருப்பித் தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பஸ்ஸைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் தோளில் பை இல்லாதது உறைக்கிறது, படியில் தொங்கிக்கொண்டு வேறு யாரோ கத்துவது உறைக்கிறது. கால் கீழே சருகு. காய்ந்த சருகு வழுக்கும். வழுக்கினால்? தானாக எழுந்திருக்க முடியாது, பால் வாங்கப் போனவள் கடைக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வரமாட்டாள், அதுவரை மண்ணில் கன்னத்தை வைத்துக்கொண்டு எறும்பைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், அன்றைக்கு மாதிரி. டாக்டர் கனகமணியிடம், "இன்னொரு தடவை வந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டார். முழு நாக்கு இருக்கிற மனுஷர், அவரே பாதியில் விட்டுவிட்டார். சொல்லாமல் விட்ட அந்த மீதி அன்றிலிருந்து இவருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது, டிக்கெட் எடுக்காத பிரயாணி மாதிரி, எந்த ஸ்டாப்பிலும் இறங்காமல்.

காப்பி பூத்து ஓய்ந்த வாசம் இன்னும் கொஞ்சம் செடிகளுக்கு அடியில் தங்கியிருந்தது. அன்றைக்கு மழை வாசம். மழை அப்போதுதான் விட்டிருந்தது, இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, முள்முருங்கையில் படரவிட்டிருந்த கொடி கவட்டையிலிருந்து சரிந்து தொங்குகிறதே என்று வாழைநாரை எடுத்துக் கட்டப் போனார். நார் கையிலிருந்து நழுவியது. ஈரம், அதனால் நழுவுகிறது என்று நினைத்தார். எடுத்தார், நழுவியது. முடிச்சு போட விரலுக்குச் சொன்னார், விரல் கேட்கவில்லை. இப்படியும் ஒரு வழுக்கல் நாரா என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது, அந்தச் சிரிப்பு முகத்தில் பாதிக்குமேல் ஏறாததை உணர்ந்தபோதுதான் பயம் வந்தது. கனகம் என்று கூப்பிட்டார். கனகம் என்றுதான் கூப்பிட்டார், சத்தியமாக, உள்ளே அந்தப் பேர் முழுசாக, வட்டமாக இருந்தது. வெளியே வந்தது "ரைட்". மறுபடியும் பலமாகக் கூப்பிட்டார். "போலாம் ரைட்." மரத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார், உட்கார்ந்து கூப்பிட்டார், படுத்துக் கூப்பிட்டார், எல்லாம் ரைட், ரைட். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், இவர் தூங்குகிறார் என்று நினைத்து, கனகமணி போனில் மகள் சுகந்தியிடம் சொன்னது காதில் அப்படியே இருக்கிறது. "கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்டி. ரிட்டையராகி வந்த மனுசன் தோட்டத்துல பஸ் ஓட்டுறாருன்னு சிரிச்சுக்கிட்டே மாவை வழிச்சுக்கிட்டு இருந்தேன்டி." இவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது. அது உன் தப்பில்லை கனகம், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன், வேறு எந்த வார்த்தை வந்திருந்தாலும் நீ ஓடி வந்திருப்பாய், வந்த வார்த்தை அப்படி. இதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும். இவரிடம் இருந்தது ஒன்று. அதைச் சொன்னால் அவளுக்கு அன்றைக்குக் கேட்டதே திரும்பக் கேட்கும்.

ரைட் என்றால் பசி. ரைட் என்றால் பாத்ரூம் போகணும். ரைட் என்றால் இந்தச் சட்டை வேண்டாம், ரைட் என்றால் விளக்கை அணை, ரைட் என்றால் ஏன் அழுகிறாய். எதைச் சொன்னாலும், எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும், அவள் போட்டது போட்டபடி ஓடி வருகிறாள், குளிக்கிற இடத்திலிருந்து தலையில் சொட்டச் சொட்ட ஓடி வருகிறாள். அதனாலேயே இவர் பாதி நேரம் வாயைத் திறப்பதில்லை. திண்டுக்கல்லில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் படம் காட்டுவாள். பசு. குடை. சாவி. எல்லாம் தெரியும், பசுவின் நிறம், குடையின் கம்பி, சாவி தொலைந்தால் டிப்போ மேனேஜர் போடுகிற சத்தம்கூடத் தெரியும். கேட்டால் ரைட். அந்தப் பெண் ஒரு நாள், "உங்க பஸ் போற வழியில ஸ்டாப்பெல்லாம் சொல்லுங்க சார்" என்றாள். ஆலமரம் என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். ஆலமரம், ஆத்துப்பாலம், செக்போஸ்ட், யானைமுடக்கு, மாதா கோயில், தண்ணித்தொட்டி, எஸ்டேட் கேட் என்று தண்ணீர் மாதிரி கொட்டிற்று, பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கனகமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நடுவில் நிறுத்தத்தான் முடியவில்லை, கடைசி ஸ்டாப் வந்துதான் நின்றது. "பாத்தீங்களா, எதுவும் போகலை. எல்லாம் உள்ளதான் இருக்கு. அடைச்ச வழியை விட்டுட்டு வேற வழியா வரும், மெதுவா வரும்" என்றாள் அந்தப் பெண். நல்ல பெண். கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கை வேறு டாக்டர். கைக்கு வழியே தெரியவில்லை. சுடுதண்ணீர் டம்ளரை அதன்மேல் சாய்த்துக்கொண்டதுகூடக் கனகமணி கத்தினபோதுதான் தெரிந்தது, கொப்புளத்தைப் பார்த்து, யாருடைய கொப்புளமோ என்றுதான் இருந்தது.

கொடி வந்ததும் பஸ்ஸில்தான். கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கின பிறகு பின் சீட்டுக்கு அடியில் நனைத்த சாக்கில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டின ஒரு கட்டு கிடந்தது. பிரித்தால் விரல் தடிமனில் பச்சைத் தண்டு, தடித்தடியாக இலை, பாம்பு மாதிரி சுருட்டி வைத்திருந்தது. யாரும் தேடி வரவில்லை. "தூக்கிப் போடுய்யா அந்தக் களையை" என்றார் டைம்கீப்பர். இவருக்கு மனசு வரவில்லை. விட்டுவிட்டுப் போன பொருளை விட்டுவிட்டுப் போனவர் கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று டிப்போக் குழாயடியில் ஓரமாக வைத்துச் சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தார். கேட்டு யாரும் வராமலே அது சாக்கைத் துளைத்துக்கொண்டு ஒரு வெள்ளை வேரை நீட்டிற்று. வேர் விட்ட பிறகு அது பொருளில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து முள்முருங்கையடியில் ஊன்றினார். "மிளகா?" என்று கேட்டாள் கனகமணி. "தெரியல. வளரட்டும், அதுவே சொல்லும்." சொன்னது அதுவல்ல, குமுளியிலிருந்து வந்துபோகிற ஏலக்காய் வியாபாரி ஒருத்தர். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து இவர் போனிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது வெனிலா. ஐஸ்கிரீம்ல போடுறது. நல்லா ஏறும், பூக்கும். ஆனா காய்க்காது" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "இது பொறந்தது மெக்சிகோ பக்கம் மழைக்காட்டுல. அங்க இதுக்குன்னு ஒரு தேனீ இருக்காம். இங்க அது கெடையாது. பூ விரிஞ்ச அன்னைக்கே, வெயில் ஏறுறதுக்குள்ள, நீங்கதான் தேனீயாப் போய் நிக்கணும்" என்றார். காக்கிச் சட்டை போட்ட தேனீயா என்று டிரைவர் சிரித்தார். இவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து டீ குடிக்கிற நேரத்தில் எல்லாம் போனில் அந்த வீடியோவையே பார்த்தார். ஒரு கை பூவைத் தாங்குகிறது, ஒரு கை குச்சியால் பூவின் உதட்டைக் கீறி விலக்குகிறது, உள்ளே மேலே மகரந்தம், கீழே பசைபசையாக ஒரு குழி, இரண்டுக்கும் நடுவில் குறுக்கே தொங்குகிற மெல்லிசான ஒரு தோல். அந்தத் தோலைக் குச்சியால் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைக் குழியில் வைத்து ஒரு அழுத்து. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறக்கிற வேலை. இரண்டு கை இருந்தால்.

பூதான். பழுத்த இலை இல்லை, கிழிசல் இல்லை, பூ. இளமஞ்சளில் கொஞ்சம் பச்சை கலந்து, ஐந்து இதழும் பின்னால் விரிந்து, நடுவில் சுருட்டின குழல் மாதிரி உதடு. மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஐஸ்கிரீம் வாசம் வரும் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனார், வரவில்லை, நறுக்கின வெள்ளரிக்காய் மாதிரி ஏதோ மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்று. ஒன்றில்லை, இங்கே ஒன்று, அதோ மேலே ஒன்று, பின்பக்கம் ஒன்று, கொத்துக்கு ஒன்றாகத் திறந்திருந்தன. மற்ற மொட்டெல்லாம் தங்கள் நாளுக்காக வரிசையில் நின்றன. நெஞ்சு அடித்துக்கொண்டது. இது சந்தோஷத்தின் அடிப்பா, இல்லை அந்த அடிப்பா. சந்தோஷம்தான். இருக்கட்டும், எதற்கும் மெதுவாக மூச்சு விடு. அதுக்குப் பேர் என்ன? இப்போதுகூட மனசில் வந்ததே. ஐஸ்கிரீம், கோன், பழனித் திருவிழாவில் சுகந்தி கவுனில் ஒழுகவிட்டது, வெள்ளை, வெல்லம், வெங்காயம், வெங்கிடுசாமி டிரைவர், வெ, வெ, போச்சு. பக்கத்தில் வந்து நிற்கிறது, ஏற மாட்டேன் என்கிறது. போகட்டும். பேர் தெரியாமலே இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றினவன்தானே நான். கம்பை மரத்தில் சாய்த்துவிட்டு, வலது கையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கவட்டையின் மேல் போட்டார், முட்டுக் கொடுக்க ஆகுமே என்று. இடது கையில் ஈர்க்குச்சி. தாழ்வாக இருந்த பூவின் உதட்டைக் கீறினார், தாங்க ஆள் இல்லாமல் பூ பின்னால் போயிற்று, இன்னும் கொஞ்சம் தள்ளிக் கீறினார், காம்போடு முறிந்து சருகில் விழுந்தது. சரி. இரண்டாவதில் உதடு சரியாகக் கிழிந்தது, உள்ளே எல்லாம் வீடியோவில் பார்த்த மாதிரியே, அதே தோல், அதே குழி, ஆஹா என்று இருந்தது, தோலைத் தூக்கினார், இப்போது கட்டைவிரல், எங்கே கட்டைவிரல், குச்சியைப் பிடித்திருக்கிற விரலையே எப்படி மடக்குவது, மடக்கினார், குச்சி நழுவிப் பூவைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. மூன்றாவது பூவின் மேல் வலது கை தானாகச் சரிந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது பூ நசுங்கி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்ததைக் கண்தான் சொன்னது.

அவர் அப்படியே மரத்தைத் தடவிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார். கம்பு நழுவி எட்டாத இடத்தில் விழுந்தது. அன்றைக்கு விழுந்த இடம் இதேதான். வெயில் காப்பிச் செடிகளின் மேல் ஏறிவிட்டது, இலைகளுக்குள் இறங்கிவிட்டது. சுகந்தி சொல்கிற மாதிரி திருப்பூருக்கே போய்விடலாம். அங்கே மாடியில் ஒரு அறை, டிவி, கீழே பனியன் கம்பெனிச் சத்தம், ஓரத்தில் ஒரு நாற்காலி, அது எந்தப் பக்கம் பார்த்தால் என்ன. இவ்வளவு தூரம் வந்து, எந்தக் காட்டிலோ பிறந்து, எவனோ கட்டி, எவனோ விட்டுவிட்டுப் போய், இத்தனைக்கும் பிறகு பூத்திருக்கிறது, எதிரே வந்து நின்ற தேனீக்கு ஒரு சிறகு இல்லை. அழுகை வந்தது. அழுகைக்கு வழி அடைக்கவில்லை பார், அது மட்டும் நேராக வருகிறது. கண்ணைத் துடைக்க மண்ணில் ஊன்றியிருந்த இடது கையைத் தூக்கியபோது கை ஈரமாக இருந்தது. மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று, வழியெல்லாம் சருகு மொறுமொறுவென்று கிடந்தது, இங்கே கொடியடியில் மட்டும் வட்டமாக ஈரம், அதன்மேல் புதுசாகத் தேங்காய் நாரும் காப்பித் தோலும் பரப்பியிருந்தது. சரிந்து தொங்கின கொடியைக்கூட யாரோ தூக்கிக் கவட்டையில் போட்டு, வாழைநாரால் கட்டவில்லை, பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். ஊதாப் பூப்போட்ட கிழிசல். அந்தச் சேலையை அவருக்குத் தெரியும். மத்தியானம் மாத்திரை போட்டுவிட்டு அவர் தூங்குகிற நேரத்தில் அவள் வந்திருக்கிறாள். மார்கழி, தை, மாசி என்று ஈரம் காயாமல் வந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

கீழே படல் திறக்கிற சத்தம். தூக்குவாளியின் கைப்பிடி கிணுங்கிற்று. கனகமணி வந்துவிட்டாள். இப்போது நாற்காலியைப் பார்ப்பாள். கூப்பிட வேண்டும், அவள் கை வேண்டும், வெயில் நிற்காது. கூப்பிட ஒரே வார்த்தை, அதுவும் இதே இடத்திலிருந்து, அன்றைக்குக் கூப்பிட்டதேதான். கூப்பிட்டால் அவள் நெஞ்சு என்ன ஆகும். கூப்பிடாமல் இருந்தாலும் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து என்ன ஆகும். ஆலமரம் என்று ஆரம்பிக்கலாமா, அதற்கு யாராவது எடுத்துக்கொடுக்க வேண்டும். யோசித்தார். பஸ்ஸில் ரைட் ஒரே மாதிரியா சொல்வோம்? வண்டிக்குக் குறுக்கே ஓடின குழந்தை விலகினதும் ஒரு மாதிரி, கூட்டம் ஏறாமல் நேரமாகிக் கடுப்பில் ஒரு மாதிரி, தைப்பூசத்துக்குக் காவடியெல்லாம் மேலே கட்டி, பாட்டும் மேளமுமாக வண்டி கொள்ளாமல் கிளம்பும்போது ஒரு மாதிரி, அதற்கு இழுப்பு வேறு, ராகம் வேறு. அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். தலையை மரத்தில் சாய்த்து, வானத்தைப் பார்த்து, தைப்பூச வண்டிக்குச் சொல்கிற மாதிரி நீட்டி, மேலே ஏற்றிச் சுழற்றி இறக்கி, "போலாஆஆம் ரைய்ய்ட்" என்றார்.

வாளி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் காப்பிச் செடிகள் சடசடவென்று விலகுகிற சத்தம். கனகமணி செருப்பில்லாமல் வந்து நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. "என்னங்க, என்னங்க, எங்க வலிக்குது, தலையா, நெஞ்சா? எந்திரிக்காதீங்க, அசையாதீங்க, கீழ்வீட்டுத் தம்பியக் கூப்பிடுறேன்" என்று அவர் முகத்தையும் கழுத்தையும் தடவினாள். அவர் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை. சிரித்துக் காட்டினார், பாதி முகத்துச் சிரிப்பு, அதைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள். இடது கையால் அவள் கன்னத்தைத் திருப்பி மேலே காட்டினார். அவள் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். "இங்க எதுக்கு வந்தீங்க? இந்த எழவெடுத்த கொடிகிட்ட எதுக்கு வந்தீங்க? ஒரு தடவை உங்களைச் சாச்சது பத்தாதா இதுக்கு?" அவர் ஈர மண்ணை ஒரு பிடி அள்ளி அவளிடம் நீட்டினார். அவள் மண்ணைப் பார்த்தாள், சேலைக் கிழிசலைப் பார்த்தாள், திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தண்ணி ஊத்தலைன்னா செத்துரும்ல" என்றாள். "செத்துப்போச்சுன்னா நீங்க கேப்பீங்கல்ல. வாயால கேக்காட்டியும் கண்ணால கேப்பீங்கல்ல. அதுக்கு யாரு பதில் சொல்றது." அப்புறம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, குரலே இல்லாமல், "இன்னைக்கு உடனே வந்துட்டேன்ல" என்றாள். அவருக்கு ஆயிரம் வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை, அந்த ஒன்றுகூட வரவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார், ஆமாம் ஆமாம் என்று, வந்துட்டே, வந்துட்டே என்று. அவள் புரிந்துகொண்டாளா தெரியாது. மூக்கை முந்தானையில் துடைத்தாள். அப்போதுதான் அவள் காதுக்குப் பக்கத்தில், கம்மலை உரசிக்கொண்டு தொங்கின பூவைப் பார்த்தாள்.

"இதுவா?" என்றாள். "இது பூவா? பூத்துருச்சா?" அவர் சருகில் முறிந்து கிடந்த பூவையும் ஈர்க்குச்சியையும் காட்டினார், தன் வலது கையைக் காட்டினார், சூரியனைக் காட்டினார். அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த ஊமைப் பாஷையில் அவள் இத்தனை மாசத்தில் எவ்வளவோ தேறியிருந்தாள். "அந்த வீடியோவா? டீக்கடையில உக்காந்து பாப்பீங்கன்னு டிரைவர் சொல்லுவாரே, அதா?" அவர் அவசரமாகத் தலையாட்டினார். அவள் அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி மரத்தில் சாய்த்து, வலது கையை எடுத்துக் கவட்டையில் போட்டாள். அவர் இடது கையால் ஒரு பூவைத் தாங்கிப் பிடித்தார், அவள் குச்சியை வாங்கினாள். "எங்க கீறணும்? இங்கயா?" ம்ஹும். "இங்க?" ம். கீறினாள், முழுப்பூவும் இரண்டாகப் பிளந்தது. "அய்யய்யோ" என்றாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவர் நினைத்தார், நினைக்கும்போதே அடுத்த பூவுக்குக் கை போய்விட்டது. இந்தத் தடவை உதடு மட்டும் விலகியது. உள்ளே கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்து, "குறுக்க ஒரு தோலு தொங்குது" என்றாள். ம். "அதத் தூக்கணுமா?" ம், ம். "தூக்கிட்டேன். அப்புறம்?" அவர் தன் இடது கட்டைவிரலால் காற்றில் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். குச்சியை உருவினாள். மேலே இருந்த மஞ்சள் கீழே ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். "அவ்வளவுதானா? பிடிச்சிருச்சா?" அவர் கையை விரித்தார். நாளைக்குத்தான் தெரியும், பிடித்தால் பூ வாடியும் விழாமல் தொங்கும், பிடிக்காவிட்டால் உதிர்ந்துவிடும், இதை எல்லாம் எப்படிச் சொல்வது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்கு அவளே பார்த்துக்கொள்வாள். அவள் ஏற்கெனவே அடுத்த பூவிடம் போயிருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "புடிங்க, ஆட்டாமப் புடிங்க" என்று அவரையே அதட்டினாள்.

ஒரு பூ உயரத்தில், கவட்டைக்கு மேல் இருந்தது. அதற்குக் கொடியை வளைத்துப் பிடிக்க அவர் இடது கை வேண்டியிருந்தது, பூவைத் தாங்க அவளுடைய ஒரு கை, குச்சிக்கு இன்னொரு கை. "ஒரு விரலு குறையுதே" என்றாள் கனகமணி. சுற்றுமுற்றும் பார்த்தாள், கவட்டையில் கிடந்த அவருடைய வலது கையை அலமாரியிலிருந்து கரண்டியை எடுக்கிற மாதிரி எடுத்தாள், கட்டைவிரலை நிமிர்த்திப் பூவுக்குள் வைத்தாள், குச்சி பிடித்த விரல்களின் முட்டியால் அதை அழுத்தினாள். அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும் போல, யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி. அப்போது ஏதோ வந்தது. எங்கேயோ தொலைவில், சரிவுக்கு அடியில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி, ஒரு ஈரம். ஈரமா, பிசுபிசுப்பா. சின்னதாக, கடுகளவு இடத்தில். வந்ததா, இல்லை பசை என்று தெரிந்ததால் மனசே விரலுக்கு எடுத்துக்கொடுத்ததா. கண் சொன்னதா, விரல் சொன்னதா. அதற்குள் அவள் கையை எடுத்துவிட்டாள், போய்விட்டது, போன இடத்தில் ஒன்றுமில்லை, மரக்கட்டை. சொல்ல வேண்டும், கனகம், இரு, இப்போது ஏதோ, என்று சொல்ல வேண்டும். வேண்டாம். இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம், கண்ணை நம்பாமல் பார்த்துவிட்டு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தோளை முன்னால் தள்ளி, முழங்கையை உந்தி, அந்த வலது கையை அவள் பக்கம் கொஞ்சம், மிகக் கொஞ்சம், தானே நகர்த்தி நீட்டினார். இருட்டுக்குள் இலைகளை விலக்கித் தேடுகிற சத்தம் கேட்டது.

"இருங்க, இருங்க" என்றாள் கனகமணி. "பின்பக்கம் இன்னொண்ணு இருக்கு."